தாங்கியின் வாயை முதலில் பாருங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

வாயுவின் அமுக்கத்தால் எதிரியைக் கவிழ்க்கும் சண்டை ரோபோக்கள் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை ஒரே உறுப்பையே சுற்றி வருகின்றன: பஃபர் தாங்கி. போத்தலில் இருந்து வரும் வாயுவின் அமுக்கத்தை றெகுலேற்றர் குறைத்துக் கொடுக்கிறது. ஆனால் அது மெல்லத்தான் கொடுக்கும். கவிழ்ப்போ பத்தில் ஒரு செக்கனுக்குள் முடிய வேண்டிய வேலை. அந்தக் கணத்துக்கு வேண்டிய வாயுவை முன்கூட்டியே வாங்கி, வால்வுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் இந்தத் தாங்கி.

கேள்வி: 30 கிலோ ரோபோ ஒன்று செய்கிறோம். எயார் சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ., ஓட்டம் (பிஸ்ரன் ஓடும் தூரம்) 150 மி.மீ. காபனீரொட்சைட்டுப் போத்தல், றெகுலேற்றரை 10 பார் அமுக்கத்தில் வைப்போம். 5 லீற்றர் லொறித் தாங்கி ஒன்று கைவசம் உண்டு. பெரிய தாங்கி என்றால் அடி பலமாக விழும்தானே?
— மாணவர் குழு, கொக்குவில்

பதில்: ஓரளவுக்கு மேல் விழாது. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

63 மி.மீ. பிஸ்ரனின் பரப்பு 31 சதுர சென்ரிமீற்றர். 15 சென்ரிமீற்றர் ஓட்டத்தால் பெருக்கினால் சிலிண்டரின் கனவளவு ஏறத்தாழ 0.47 லீற்றர். அமுக்கம் கடைசிவரை 10 பாரிலேயே நின்றால் ஓர் அடியில் கிடைக்கும் சக்தி 470 யூல். ஆனால் அது நிற்காது. தாங்கியில் இருந்த வாயு சிலிண்டருக்குள்ளும் விரிவதால் அமுக்கம் விழும். வெளியில் இருந்து வெப்பம் உள்ளே வர நேரமில்லாத விரிவு இது. ஆகையால் பொயிலின் விதி காட்டுவதைவிட அமுக்கம் கூடவே விழும். தாங்கியின் கனவளவை, தாங்கியும் சிலிண்டரும் சேர்ந்த கனவளவால் வகுத்து, 1.3 ஆம் அடுக்குக்கு உயர்த்தி, தொடக்க அமுக்கத்தால் பெருக்குங்கள். காற்று என்றால் அடுக்கு 1.4. தொடக்க அமுக்கத்தை 10 என்று போடக் கூடாது. கேஜ் (அமுக்கமானி) காட்டும் 10 உடன் வளிமண்டலத்தின் 1 ஐயும் சேர்த்து 11 என்று போட வேண்டும். கடைசியில் அந்த 1 ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பலரும் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

0.5 லீற்றர் தாங்கியோடு ஓட்டத்தின் முடிவில் கேஜ் 3.6 பாருக்கு வந்துவிடும். அடியின் சக்தி 283 யூல். 1 லீற்றர் என்றால் முடிவில் 5.7 பார், 353 யூல். 1.5 லீற்றருக்கு 6.7 பார், 385 யூல். 2 லீற்றருக்கு 403 யூல், 3 லீற்றருக்கு 423, உங்கள் 5 லீற்றருக்கு 440. அரை லீற்றரில் இருந்து ஒன்றுக்குப் போனால் 70 யூல் கூடுகிறது. மூன்றில் இருந்து ஐந்துக்குப் போனால் வெறும் 17.

அந்த 17 யூலுக்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். 10 பாரில் ஒரு லீற்றரை நிரப்ப ஏறத்தாழ 18 கிராம் காபனீரொட்சைட்டு வேண்டும். 5 லீற்றருக்கு 90 கிராம். 450 கிராம் போத்தலில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு அடிகூட அடிக்காமல் தாங்கிக்குள் போய்விடும். சண்டை முடிந்ததும் அதை வெளியே திறந்துவிடத்தான் வேண்டும். உருக்குத் தாங்கியின் பாரம் வேறு, 30 கிலோவுக்குள் அடக்க வேண்டும்.

சிலிண்டரின் கனவளவைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு என்பது நல்ல இடம். உங்களுக்கு 1 முதல் 1.5 லீற்றர். 1.5 வைத்தால் 385 யூல். இழப்பே இல்லையென்றால் 30 கிலோவை 1.3 மீற்றர் தூக்கும். நெம்புகோலிலும் உராய்விலும் போவது போக அதில் பாதி கைக்கு வந்தாலே நல்ல ரோபோதான்.

கேள்வி: 3 லீற்றர் தாங்கி போட்டும் பிளிப்பர் (எதிரியைக் கவிழ்க்கும் கை) கதவு திறப்பதுபோல மெல்ல எழும்புகிறது. எதிரியைத் தள்ளுகிறதே தவிர எறியவில்லை. கேஜ் சரியாக 10 காட்டுகிறது.
— நல்லூர் வாசகர்

பதில்: தாங்கியில் குறை இல்லை. தாங்கிக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் எங்கோ ஒரு ஒடுக்கம் இருக்கிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் மதகின் அளவுக்குத்தான் வாய்க்காலில் ஓடும்.

சந்தையில் 6 மி.மீ. குழாய் என்று கிடைக்கும் பொலியூரத்தேன் குழாயின் உள்விட்டம் 4 மி.மீ. தான். 63க்கு 150 சிலிண்டரை 10 பாரில் இதன் வழியே நிரப்ப, எல்லாம் நன்றாக இருந்தாலும் 0.2 செக்கன் அளவு எடுக்கும். 8 மி.மீ. துவாரம் என்றால் 0.05 செக்கன். அரை அங்குலப் பொருத்திகளின் 15 மி.மீ. துவாரத்துக்கு 0.015 செக்கன் அளவே. விட்டம் நாலு மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடப் பரப்பு பதினாலு மடங்கு கூடிவிடுகிறது. வால்வு திறக்கும் நேரமும் வளைவுகளின் தடையும் இவற்றோடு சேரும்.

எல்லாவற்றையும் கழற்றி, மேசையில் வரிசையாக வையுங்கள்: தாங்கியின் வாய், நிப்பிள் (இரு முனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய்), முழங்கை, வால்வு, மறுபடி நிப்பிள், சிலிண்டரின் வாய். ஒவ்வொன்றின் உட்துவாரத்தையும் வேர்ணியரால் அளந்து எழுதுங்கள். ஆகச் சிறிய எண் எதுவோ அதுதான் உங்கள் பிளிப்பரின் வேகம். வெளியே அரை அங்குல மரை இருந்தும் உள்ளே 9 மி.மீ. மட்டும் துளைத்த மலிவு முழங்கைகள் நிறைய உண்டு. மின்சாரத்தால் இயங்கும் சிறிய 5/2 (ஐந்து வாய், இரண்டு நிலை) சொலனொயிட் வால்வின் வாய் கால் அங்குலமாக இருந்தாலும், உள்ளே வாயு போகும் வழி அதைவிடக் குறைவு. குழாயே இல்லாமல் தாங்கி, வால்வு, சிலிண்டர் மூன்றையும் குட்டை நிப்பிள்களால் நேராகப் பூட்ட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். பிஸ்ரன் முன்னால் ஓடும்போது அதன் முன்பக்கத்தில் இருக்கும் காற்று எங்கே போகிறது? அது கால் அங்குல வாய் வழியே மட்டும் வெளியேற வேண்டுமானால் அங்கே எதிரமுக்கம் ஏறி பிஸ்ரனைப் பிடித்து நிறுத்தும். முன்மூடியின் வாயில் எந்தப் பொருத்தியும் போடாமல் முழுதாகத் திறந்துவிட்டு, கையைக் கீழே இழுக்க இறப்பர்ப் பட்டி அல்லது சுருள்வில் போடுங்கள். வேகம் வந்துவிட்டால் பிஸ்ரன் முன்மூடியில் போய் அடிக்கும். நாலைந்து அடியில், சிலிண்டரின் இரு மூடிகளையும் இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தண்டுகள் அறுந்துவிடும். ஓட்டம் முடிய 5 மி.மீ. இருக்கும்போதே கையைப் பிடித்துக்கொள்ளும் நைலோன் பட்டி ஒன்றைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள்.

கேள்வி: தாங்கியை எதில் செய்வது? இங்கே கடைகளில் பஃபர் தாங்கி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. இரும்புக் குழாயின் இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்ட் பண்ணலாமா?
— சுன்னாகம் வாசகர்

பதில்: வெல்டிங் வேண்டாம். சுவரின் தடிப்பைக் கணக்கிட்டால் 10 பாருக்கு ஒரு மி.மீ. கூடத் தேவைப்படாது, அதனால்தான் பலரும் துணிந்துவிடுகிறார்கள். குழாய் விட்டுக்கொடுப்பதில்லை. மூடியும் ஒட்டும்தான் விட்டுக்கொடுக்கும். 100 மி.மீ. விட்டமுள்ள மூடியை 10 பார் வாயு 7,850 நியூற்றன் விசையோடு தள்ளுகிறது. 800 கிலோ பாரம் அந்த மூடியில் தொங்குவதற்குச் சமம். தட்டையான தகடு ஒவ்வொரு நிரப்பலிலும் சிறிது வளைந்து நிமிரும்; ஒட்டின் வேரில் வெடிப்பு அங்கே தொடங்கும், வெளியே தெரியாது.

எங்கள் முதல் தெரிவு எயார் சிலிண்டரையே தாங்கியாக்குவது. இழுவைத் தண்டுகளால் இறுக்கிய, ஐ.எஸ்.ஓ. 15552 நியமத்துக்கு அமைந்த 100 மி.மீ. சிலிண்டர் ஒன்றை எடுங்கள். பழையதென்றாலும் குழாயின் உட்புறம் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். பிஸ்ரனையும் தண்டையும் கழற்றிவிட்டு, தண்டு வெளியே வரும் முன்மூடிக்குப் பதிலாக இன்னொரு பின்மூடியைப் போட்டுப் பூட்டுங்கள். குழாயின் உள்நீளம் 190 மி.மீ. ஆனால் 1.5 லீற்றர். இவை 10 பாருக்கென்றே செய்யப்படுபவை. வாய் இரண்டும் அரை அங்குலம். ஒன்றில் வால்வு, மற்றதில் றெகுலேற்றர், கேஜ், பாதுகாப்பு வால்வு மூன்றுக்கும் ஒரு கிளைப் பொருத்தி. ஓ வளையங்கள் (வாயு கசியாமல் அடைக்கும் இறப்பர் வளையங்கள்) புதிதாக இருக்கட்டும். இழுவைத் தண்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இரண்டாவது, தனியார் பஸ்களில் காற்றுக் கோர்னுக்குப் பூட்டும் சிறிய தாங்கிகள். புதிதாக, வேலை அமுக்கம் உடலில் பொறித்ததாக இருந்தால் மட்டும் எடுங்கள். பொறிப்பு 10 பாருக்குக் குறைந்தால் உங்கள் றெகுலேற்றரையும் அதற்கேற்பக் குறையுங்கள். பழைய தாங்கி வேண்டாம். கொம்பிறசரில் இருந்து வரும் ஈரம் அடியில் தேங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும். மேலே பெயின்ற் புதிதாக இருக்கும், உள்ளே தகடு காகிதம்போல இருக்கும்.

பெயின்ற்போல் விளையாட்டுக்கு வரும் 48 கன அங்குல அலுமினியப் போத்தலும் நல்லது. கனவளவு 0.79 லீற்றர், வேலை அமுக்கம் 3,000 பி.எஸ்.ஐ. அதாவது 207 பார், பாரமும் குறைவு. குறை அதன் கழுத்தில்: ஒரே வாய், அதுவும் ஒடுக்கம். 50 மி.மீ. விட்டத்துக்கு உட்பட்ட சிலிண்டருக்குப் போதும்.

தீயணைப்பானின் உடலைப் பயன்படுத்துவோரும் உண்டு. அதில் புதிதாகத் துளை போடவோ வெல்ட் பண்ணவோ கூடாது. செய்த நிமிடமே அதில் பொறித்திருக்கும் அமுக்கத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே தாங்கியைப் பார்க்கும் ஒழுங்கு இதுதான்: முதலில் அதில் பொறித்த அமுக்கம், அடுத்து வாய், கனவளவு கடைசி.

கேள்வி: பி.வி.சி. குழாயும் சோடாப் போத்தலும்?
— உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. பி.வி.சி. குழாயில் எழுதியிருக்கும் அமுக்கம் தண்ணீருக்கு உரியது. வாயுவோடு உடைந்தால் அது கிழியாது, கூரிய துண்டுகளாகச் சிதறும். வெயிலில் சூடேறினால் அதன் பலமும் குறையும். சோடாப் போத்தல் உங்கள் 10 பாரிலேயே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

கேள்வி: காலையில் சரியாக வேலை செய்த ரோபோ மத்தியானத்தில் பிடிவாதம் பிடிக்கிறது. றெகுலேற்றர் பனிக்கட்டி பிடிக்கிறது, ஒருமுறை தாங்கியின் பாதுகாப்பு வால்வும் பெரிய சத்தத்தோடு திறந்துவிட்டது. யாழ்ப்பாண வெயிலா காரணம்?
— வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: வெயில் பாதி, போத்தலை வைத்த விதம் பாதி.

காபனீரொட்சைட்டு போத்தலுக்குள் திரவமாக இருக்கிறது. 0 பாகையில் அதன் ஆவியமுக்கம் 35 பார், 20 பாகையில் 57, 30 பாகையில் 72. 31 பாகையில் அவதி வெப்பநிலை வந்துவிடுகிறது. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லை; போத்தலில் எவ்வளவு நிரப்பினீர்கள் என்பதே அமுக்கத்தைத் தீர்மானிக்கும். இங்கே வைகாசி, ஆனி மத்தியானத்தில் நிழலிலேயே 31 ஐத் தாண்டும். நிரம்பிய போத்தல் ஒன்றைப் பூட்டிய வானுக்குள் விட்டால் 100 பாரை இலேசாகத் தாண்டிவிடும். எனவே எப்போதும் தராசில் வைத்து நிறுத்தே நிரப்புங்கள். போத்தலில் எழுதிய நிறைக்கு ஒரு கிராமும் கூடக் கூடாது. இந்த வெக்கைக்கு முக்கால் பங்கோடு நிற்பது நல்லது. சண்டைக்கு முன் ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். 20 பாகைக்கு இறங்கினாலும் 57 பார் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது 10 தான்.

பனி பிடிப்பது வேறு கதை. போத்தல் படுத்தோ தலைகீழாகவோ இருக்கும்போது ஆவிக்குப் பதில் திரவமே றெகுலேற்றருக்குள் போகிறது. அங்கே அமுக்கம் குறைய அது கொதித்து, றெகுலேற்றரின் வெப்பத்தை எல்லாம் இழுத்துக்கொள்கிறது; உள்ளே இருக்கும் இறப்பர் விறைத்துச் சரியாக மூடாமல் போகிறது. திரவத்தின் ஒரு பகுதி தாங்கிக்கும் போய்விட்டால் அங்கே ஆறுதலாக ஆவியாகி 10 பாரைத் தாண்டி ஏறும். உங்கள் பாதுகாப்பு வால்வு திறந்தது பெரும்பாலும் இதனால்தான். அது தன் கடமையைச் செய்திருக்கிறது.

போத்தலை அதன் வால்வு உயர்ந்திருக்கும்படி சாய்த்துப் பூட்டுங்கள். வால்வின் உட்பக்கம் மேல்நோக்கி வளைந்த சிறு குழாய் ஒன்றைப் போட்டால், போத்தல் படுத்திருந்தாலும் ஆவியையே எடுக்கும். ரோபோ கவிழ்ந்து கிடக்கும்போது தொடர்ந்து அடிக்காதீர்கள்.

வாயுச் சிக்கனத்துக்கும் ஒரு சொல். வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொண்டால் றெகுலேற்றர் சிலிண்டரையும் 10 பாருக்கு நிரப்பிவிடும். அடிக்கு 9 கிராம் போகும். பிஸ்ரன் முடிவுக்கு வந்ததும் மூடினால் ஏறத்தாழ 6 கிராம். ரிமோட்டின் பொத்தானை நம்பாமல், வால்வு 0.1 செக்கன் மட்டும் திறக்கும்படி கட்டுப்பாட்டுச் சுற்றில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்பு வால்வை எத்தனை பாருக்கு வைப்பது? கொம்பிறசரில் இருக்கும் சிறிய வால்வு போதுமா?
— பருத்தித்துறை வாசகர்

பதில்: 10 பாரில் வேலை என்றால் 11 பாரில் திறக்கட்டும். தாங்கி, வால்வு, குழாய், சிலிண்டர் என்பவற்றில் ஆகக் குறைந்த அமுக்கத்துக்கு உரியது எதுவோ, அதன் எல்லையை இது தாண்டக் கூடாது. சிலிண்டரே 10 பாருக்கு என்றால் றெகுலேற்றரை 9 இல் வைத்து, பாதுகாப்பு வால்வை 10 இல் வையுங்கள்.

அமுக்கத்தைப் பார்ப்பவர்கள் வாயின் அளவைப் பார்ப்பதில்லை. றெகுலேற்றர் பழுதாகி முழுதாகத் திறந்துகொண்டால் 70 பாரில் இருந்து பாய்வது முழுவதையும் 11 பாரில் வெளியேற்ற வேண்டும். அமுக்கம் ஆறில் ஒன்று, ஆகவே பரப்பு ஆறு மடங்கு. றெகுலேற்றரின் உட்துவாரம் 2 மி.மீ. என்றால் பாதுகாப்பு வால்வின் வழி 5 மி.மீ. வேண்டும், எங்கள் வெக்கைக்கு 6 என்று வையுங்கள். கொம்பிறசரின் சிறிய வால்வில் அந்த அளவு இருக்கிறதா என்று கழற்றி அளந்தபின் முடிவெடுங்கள். போதாவிட்டால் இரண்டு போடலாம். தாங்கிக்கும் அதற்கும் இடையில் மூடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: தாங்கியைச் சோதிப்பது எப்படி? வாயு நிரப்பி, தூர நின்று பார்க்கலாமா?
— மானிப்பாய் வாசகர்

பதில்: தண்ணீரால் சோதியுங்கள். 11 பாருக்கு நிரம்பிய ஒரு லீற்றர் வாயு உடைந்தால் 1,500 யூல் ஒரேயடியாக வெளியே வரும். தண்ணீரோ 15 பாரிலும் ஒரு லீற்றருக்கு 0.7 மில்லிலீற்றர்தான் சுருங்கும். தாங்கி உடைந்தாலும் ஒரு கரண்டித் தண்ணீர் சீறும், அவ்வளவுதான்.

ஒரு வாயை மேலே வைத்து, தட்டித் தட்டிக் குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். குமிழ் நின்றால் சோதனையின் பயனே போய்விடும். குழாய் வேலை செய்பவர்களிடம் உள்ள அமுக்கச் சோதனைக் கைப்பம்பியால், வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்கான 15 பாருக்கு ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஏற்ற முன்னும் இறக்கிய பின்னும் நடுவில் ஒரு நாடாவால் சுற்றளவை அளந்து பாருங்கள். இறக்கிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் அந்தத் தாங்கி முடிந்தது. பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அடைப்பான் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். முடிந்ததும் அதைத் திரும்பப் பூட்டியதை இரண்டு பேர் பார்க்கட்டும். பிறகு நன்றாக உலர்த்துங்கள். தண்ணீரும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் அமிலம், உருக்கு அரிக்கும்.

கேள்வி: காபனீரொட்சைட்டுக்குப் பதில் காற்று? வெல்டிங் கடையின் ஒட்சிசன் இலேசாகக் கிடைக்கிறதே?
— குருநகர் வாசகர்

பதில்: ஒட்சிசனைக் கையால் தொடவும் வேண்டாம். சிலிண்டரின் உள்ளே கிறீஸ் இருக்கிறது. அமுக்கத்தில் ஒட்சிசனும் கிறீசும் சந்தித்தால் தானாகவே தீப்பற்றும். நைதரசன் நல்லது. கடலட்டைக்குச் சுழியோடுபவர்களின் சிலிண்டருக்கு நிரப்பும் 200 பார் காற்றும் நல்லது. பனி இல்லை, திரவம் இல்லை, வெயிலுக்குப் பெரிதாக மாறாது. ஆனால் 0.79 லீற்றர் போத்தலில் 200 பார் காற்று, கொக்குவில் குழுவின் சிலிண்டருக்கு ஏறத்தாழ 28 அடிக்குத்தான் வரும். போத்தலும் றெகுலேற்றரும் 200 பாருக்கு உரியவையாக இருக்க வேண்டும். காபனீரொட்சைட்டுப் போத்தலில் ஒருபோதும் காற்றை நிரப்பாதீர்கள்.

கேள்வி: சண்டை முடிந்ததும் எந்த ஒழுங்கில் மூடுவது?
— மாணவர் குழு, கொக்குவில்

பதில்: முதலில் பிளிப்பருக்கு இரும்புத் தண்டுப் பூட்டு. பிறகு போத்தல் வால்வை மூடுங்கள். அதன்பின் தாங்கியின் திறப்பு வால்வை (மிஞ்சிய வாயுவை வெளியே விடும் வால்வு) மெல்லத் திறந்து, கேஜ் பூச்சியத்துக்கு வந்தபின்னும் திறந்தபடியே விடுங்கள்; உள்ளே திரவமோ பனியோ மிஞ்சியிருந்தால் மூடிய தாங்கியில் அமுக்கம் திரும்ப ஏறும். இந்த மூன்றும் ரோபோவின் ஒரே பக்கத்தில், கவசத்தைக் கழற்றாமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். லிதியம் பற்றறிகளைத் தாங்கிக்கு அருகே வைக்காதீர்கள். அடிபட்டு நெளிந்த தாங்கியை, எவ்வளவு சிறிய நெளிவானாலும், துளைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.